மூடியின் மேல் ஒரு கை

பின்மதிய வெயில் கூடத்திலுள்ள கடல்மீன் தொட்டியின் குறுக்கே சாய்ந்து விழுகிறது. ஒரு பக்கம் வலையோடு அண்ணி நிற்கிறாள். மறுபக்கம், தொட்டியின் கண்ணாடி மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி நாத்தனார் நிற்கிறாள். உள்ளே பாறை இடுக்கில், நாத்தனார் வாங்கிவந்து விட்ட களவா மீன் குஞ்சு, புள்ளி போட்ட உடம்பு ஆடாமல், செவுளை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. விரல் நீளம்தான் இருக்கும். அது வந்த பிறகு, அண்ணி வளர்த்த மீன்களில் மிச்சம் ஒரு சின்ன மஞ்சள் மீன் மட்டும்தான். “கையை எடு. இதையாவது காப்பாத்திக்கறேன்.” “நீங்க தண்ணி மாத்துற லட்சணத்துக்கு மீன் செத்தா, என் குஞ்சு என்ன பண்ணும் அண்ணி? பச்சப்புள்ள அது. வயிறு நிறையப் போட்டுத்தான் வச்சிருக்கேன்.” “செத்தா மிதக்கணும்ல? ஒண்ணுகூட மிதக்கலையே. ஏங்க, உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க.” நாற்காலியிலிருக்கும் அண்ணன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே இன்னும் கொஞ்சம் உயர்த்துகிறான். “ரெண்டு பேரும் எதையோ பண்ணித் தொலைங்க.” அண்ணி வலையை ஓங்குகிறாள். அதன் நிழல் தண்ணீரில் விழ, மஞ்சள் மீன் மிரண்டு பாறைப் பக்கம் ஒதுங்குகிறது. களவா நகர்ந்ததாகவே தெரியவில்லை. வாய் மட்டும் தலையைவிடப் பெரிதாகத் திறந்து மூடுகிறது. வாயோரம் மஞ்சள் வால் இருமுறை துடிக்கிறது. பிறகு அதுவும் உள்ளே போகிறது. காற்றுக் குழாய் குமிழ்களைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. நாத்தனார் மூடியிலிருந்து கையை எடுத்து, ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொள்கிறாள். “இந்தாங்க அண்ணி, இப்ப பிடிச்சுக்கோங்க.”