முறை தப்பிய மூட்டை

மேஸ்திரிக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. ஸ்டூலை விட்டு அசையாமலே பஞ்சாயத்தை ஆரம்பித்தார். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றி நின்றார்கள்.

“நெட்டையன் ஒரே சுத்துல ரெண்டு மூட்டை தூக்கிட்டான். என் கண்ணால பாத்தேன்” என்றான் குள்ளன்.

மேஸ்திரி உட்பட எல்லாரும் முறை போட்டுத்தான் தூக்க வேண்டும். அடுத்தவன் முறையில் கை வைத்தால் பேட்ஜ் போய்விடும். பேட்ஜ் இல்லாதவன் கிடங்கு வாசலைக்கூட மிதிக்க முடியாது. சட்டம் போட்டவரே மேஸ்திரிதான்.

“யார் வயித்துல அடிச்சான்னு கேளுங்கண்ணே” என்றான் குள்ளன் மறுபடி.

மேஸ்திரி நெட்டையன் பக்கம் திரும்பினார். “யார் முறைடா அது?”

“மூட்டை மேல பேரா எழுதியிருக்கு? வயிறு சொல்லுச்சு, தூக்கிட்டேன்.”

“திமிரைப் பாருங்கண்ணே. கழட்டச் சொல்லுங்க.”

“கழட்டுடா” என்றார் மேஸ்திரி, தரையைப் பார்த்தபடி.

நெட்டையன் பேட்ஜைக் கழற்றி அவர் கையில் வைத்தான். கூட்டம் கலைந்தது. அவன் மட்டும் போகாமல், குனிந்து அவர் அக்குளில் கை கொடுத்தான்.

“மெதுவா எந்திரிங்கண்ணே. காலைல மூட்டையோட சாஞ்ச மாதிரி சாஞ்சிடப் போறீங்க.”

“என் முறைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா.”

“சொன்னா உங்க பேட்ஜ் போயிருக்கும். முதுகு விழுந்தவனுக்கு இங்க இடமில்லேன்னதும் உங்க சட்டம்தானே? உங்க வீட்ல அஞ்சு வயிறு. எனக்கு ஒண்ணுதான்.”

அவன் வாசலைத் தாண்டிப் போனான். மேஸ்திரி கூப்பிடவில்லை. அவனுக்கு ஒரு பிழைப்பு கடன்பட்டார்; அதை இன்றுவரை அடைக்கவில்லை.