மலைமேல் படுத்த மேகம்

மெராபி மலைமேல் ஒரு மேகம் எருமைக் கன்றுபோலப் படுத்திருந்தது. பாக் வாகிமின் விடிந்ததிலிருந்து கல்யாணப் பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துமினா, அது எழுந்திருச்சா?"

"இல்லீங்க, வாலைக்கூட ஆட்டல" என்றார் மனைவி.

"புரண்டு படுத்த மாதிரி இருக்கே! ஆயிரம் பேரும் நனைஞ்சிட்டா?"

"முந்நூறு பேரைத்தான் அழைச்சிருக்காங்க. மீதி எழுநூறு பேரை உங்க பயம் கூட்டிட்டு வந்திருக்கு. பொண்ணே நிம்மதியா பூ வெச்சுக்கிட்டிருக்கா, நீங்கதான் குளிக்காம, பச்சைத் தண்ணி குடிக்காம நடுங்கிட்டிருக்கீங்க."

அவருக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் மறுபடி மலையை எட்டிப் பார்த்தார். உள்ளே கமெலான் வாத்தியக்காரர்களின் வெண்கல மணிகள் தூக்கத்தில் பேசுவதுபோல ஒலித்தன.

மணப்பெண்ணின் அப்பா ஹர்ஜோ சோம்பல் முறித்தபடி வந்தார். "பாக் வாகிமின், நேத்து என்ன சுகமான தூக்கம்!"

"மழைக்காலத்துல மக கல்யாணம். உங்களுக்குக் கவலையே இல்லையா?"

வாகிமினின் எதிரே ஈர்க்குச்சியில் குத்தி மண்ணில் நட்டிருந்த மிளகாயும் வெங்காயமும் சாய்ந்திருந்தன. ஹர்ஜோ குனிந்து அவற்றை நிமிர்த்தினார்.

"மிளகாய் நட்டு மழையை நிறுத்துற மந்திரக்காரர்னு உங்களை எதுக்குக் கூப்பிட்டோம்? என் கவலையையும் சேர்த்து நீங்க படத்தானே!"

துமினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நாப்பது வருசமா வீட்டுல சும்மா செஞ்ச வேலை. இப்ப விருந்து வெச்சுக் கூப்பிடறாங்க!"

மத்தியானம் பந்தலில் வெயில் விழுந்தது.

"பாருங்க, மேகம் எழுந்து போயிருச்சு" என்றார் துமினா.

வாகிமின் பதறினார். "எங்க போச்சு? அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டிருக்கிற கல்யாணத்துக்கா?"