கடலோரத்தில் இலவச இடம்

"இங்கயாவது காசு கேக்காம இருப்பாங்களா?" என்று கேட்டபடியே அவள் காரிலிருந்து இறங்கினாள்.

"கேக்க மாட்டாங்க. வழியில பாத்த மூணு இடத்துலயும் கூடாரம் போடக் கட்டணம். இதுதான் நெஜமாவே இலவசம். தண்ணிக் குழாய்கூட இருக்கு" என்றான் அவன்.

கடலைப் பார்த்தபடி கூடாரம் கட்டினார்கள். அவன் முளை அடித்த லட்சணத்தில் கூடாரம் ஒரு பக்கமாகச் சாய, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவனுக்கு வருஷக்கணக்காகியிருந்தது.

"இப்படி எங்கயாவது போலாம்னு எத்தனை தடவ கேட்டிருப்பேன்?"

"நல்ல ஓட்டல்ல தங்கற அளவுக்கு வசதி வரட்டும்னு இருந்தேன்."

"நான் ஓட்டலா கேட்டேன்? உங்ககூட வரணும்னுதானே கேட்டேன்."

அவன் தலைகுனிந்தான்.

பக்கத்துக் கூடாரத்துப் பெண் எட்டிப் பார்த்தாள். "புதுசாக் கல்யாணம் ஆனவங்களா?"

"இல்லக்கா. நாளைக்குக் காலைல பக்கத்து ஊர் கோர்ட்டுல எங்களுக்கு விவாகரத்துத் தீர்ப்பு. தனித்தனியா வந்தா ரெட்டைச் செலவுன்னு ஒரே கார்ல வந்தோம்" என்றாள் அவள்.

அந்தப் பெண் சட்டென்று உள்ளே போனாள். அவன் எழுந்து, டிக்கியிலிருந்து இன்னொரு கூடாரத்தை எடுத்தான்.

"கொஞ்சம் தள்ளியே போட்டுக்கறேன். நான் குறட்டை விடுவேன்."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.