சாம்பல் மேட்டு அருகம்புல்

எத்திராஜ் என்று பெயரைக் கூப்பிட்டதும் என் நைனா வேட்டியை இறுக்கிக்கொண்டு மைக்குக்குப் போனார்.

எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொட்ட இன்னொரு குளம் வெட்டலாமா என்று மக்களைக் கேட்கும் கூட்டம். வெட்டினால் எங்கள் முகத்துவாரக்குப்பம் இறால் பிடிக்க மிச்சமிருக்கும் ஒரே இடமும் போய்விடும். கேட்பதெல்லாம் ஒப்புக்குத்தான். ஆனாலும் நைனா நம்பினார்.

அவர் பேசி முடித்ததும் மேடையிலிருந்த அதிகாரி ஓர் ஆய்வேட்டைத் தூக்கிக் காட்டினார். பழைய சாம்பல் மேட்டில் அருகம்புல் செழிக்கிறதாம். புல்லே வாழும் இடத்தில் மனிதனுக்கு என்ன குறை என்றார்.

“புல்லு மொளைச்சா நீ போய் மேய் சார். எங்களுக்கு இறாலு வோணும். எவன் எய்தினான் இத? இட்டுகினு வா அவன, நான் கேக்கறேன்!” என்றார் நைனா.

கூட்டம் கைதட்டியது. மூன்றாம் வரிசையில் நானும் தட்டினேன்.

எழுதியவள் நான்தான்.

அருகு போல் வேரூன்றி வாழச் சொல்லிக் கல்யாணத்தில் வாழ்த்துவார்கள். அருகு எப்படி வாழ்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

இலைக்குள் கரியமில வாயுவைப் பிடிக்கிற நொதி ஒன்று உண்டு. அதற்கு ஆள் அடையாளம் தெரியாது. பிராணவாயுவையும் சேர்த்துப் பிடித்து அவஸ்தைப்படும். காற்றில் கரியமில வாயு குறைந்துபோன காலத்தில், பட்டினி கிடந்த அருகு போன்ற சில புற்கள் வேறொரு நொதியை வாசலில் நிறுத்தின. அது சரியான ஆளை மட்டும் பிடித்து உள்ளே அனுப்பும். மூச்சுத் துளைகளைப் பாதி மூடி, தண்ணீரை மிச்சம் பிடித்தே வறண்ட சாம்பலிலும் புல் காலத்தை ஓட்டிவிடும்.

புல்லுக்கு இந்தப் பழக்கம் வந்து மூன்று கோடி வருடம். எங்களுக்குச் சாம்பல் வந்து முப்பது வருடம்தான் ஆகிறது.

இதைத்தான் எழுதினேன். ‘தாக்குப்பிடிக்கிறது’ என்றிருந்ததை ‘செழிக்கிறது’ என்று மாற்றச் சொன்னார் என் ஆய்வு வழிகாட்டி. மாற்றினேன். பட்டம் வேண்டுமே.

நைனாவோ, நான் சாம்பலில் விஷம் இருப்பதை நிரூபிக்கப் போகிறேன் என்று நினைத்துத்தான் மூன்று வருடம் என்னைச் சாம்பல் மேட்டுக்கு ஏற்றிப்போய்ப் படகு தள்ளினார். குப்பம் முழுக்க அப்படியே சொல்லியும் வைத்திருந்தார். நான் திருத்தவில்லை. எனக்குப் படகு வேண்டியிருந்தது. நினைத்தால் என்மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

எழுந்து சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். முன்வரிசைத் தலைக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொண்டேன்.

அதிகாரி சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். நன்றியுரையை மட்டும் நைனாவுக்காகத் தமிழில் எழுதியிருந்தேன். இன்னும் அவரிடம் காட்டவில்லை.

“சாம்பல் மேட்டில் தன் கையாலேயே புல் பறித்துத் தந்த முகத்துவாரக்குப்பம் திரு. எத்திராஜ் அவர்களுக்கு நன்றி” என்று அதிகாரி நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

கைதட்டல் நின்றது. எல்லாத் தலையும் நைனா பக்கம் திரும்பியது.

அவரை யாரும் இதுவரை ‘திரு’ போட்டு, ‘அவர்கள்’ போட்டுக் கூப்பிட்டதில்லை. படித்தது தன் பெயர் என்றே உறைக்காமல், மைக்கைப் பிடித்தபடியே, புல் பறித்துத் தந்த அந்தத் துரோகி எவன் என்று நைனா கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தார்.