நாற்பத்தோராம் பக்கம்

“இது எண்ட மகள் சொன்னது. ஆரு இதக் களவெடுத்த?”

தேத்தண்ணித் தட்டோடு மண்டபத்தின் நடுவில் நின்று ஆயிஷா உம்மா கேட்டார்.

காத்தான்குடியில் புத்தக வெளியீடு என்றால் அறுபது கதிரை போடுவார்கள், முப்பது நிறையும். அன்று மர்சூக் மாஸ்டரின் மக்காப் பயண நூலுக்கு, கதிரை கிடைக்காமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். அகீலா ரீச்சர் நாற்பத்தோராம் பக்கத்தை வாசித்து முடித்திருந்தார். பலருக்குக் கண் கலங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் இந்தக் கேள்வி.

அவர் வாசித்தது இதுதான்:

‘உச்சி வெயில். ஆனால் காலுக்குக் கீழே ஹறம் பள்ளியின் பளிங்கு, விடியற்காலை வாவித் தண்ணீர் போலக் குளிர்ந்தது. எந்த நாட்டவரோ தெரியாத ஒரு முதியவர், கம்பி முறிந்த தன் குடையை என் பக்கம் சாய்த்தார். கஃபத்துல்லாவைப் பார்த்தேன். கேட்கவென்று கொண்டுபோன துஆவெல்லாம் மறந்துபோயிற்று.’

ஆயிஷா உம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவருடைய மகள் றஸீனா நாலு வருஷமாக மக்காவில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள்.

“உம்மா, பொறகு கதைப்பம்,” என்றார் நூலைப் பதிப்பித்த இல்ஹாம்.

“ஏன் பொறகு? இந்தாங்க, நீங்களே கேளுங்க.”

தட்டை மேசையில் வைத்துவிட்டு, ஆயிஷா உம்மா தன் போனை எடுத்து, மகள் அனுப்பிய குரல் பதிவை அமத்தினார். அகீலா ரீச்சர் என்ன நினைத்தாரோ, மைக்கை அதன் பக்கம் நீட்டினார்.

றஸீனாவின் குரல் தாழ்ந்து, நிறுத்தி நிறுத்தி வந்தது.

“உம்மா, இண்டைக்கு ஹறத்துக்குப் போனன். உச்சி வெயில். ஆனா காலுக்குக் கீழ பளிங்கு, விடியற்காலை வாவித் தண்ணி போலக் குளிர்ந்திச்சு. ஒரு முதியவர், கம்பி முறிஞ்ச குடைய எண்ட பக்கம் சாய்ச்சார். கஃபத்துல்லாவப் பாத்தன் உம்மா. கேக்கக் கொண்டுபோன துஆவெல்லாம் மறந்துபோச்சு.”

“அச்சொட்டாக் கொப்பி!” என்றது முன்வரிசை.

ஆயிஷா உம்மா சனத்தின் பக்கம் திரும்பினார். “குமருப் புள்ளய வெளிநாட்டுக்கு வித்தவள் எண்டு எண்ட காதுபடச் சொன்ன ஊரு இது. எண்ட புள்ள கஃபத்துல்லாவக் கண்டிட்டாள் எண்ட ஒரு ஆறுதல்லதான் நான் உசிரோட இரிக்கன். வெள்ளிக்கு வெள்ளி இதப் போட்டுக் கேக்கிறன். அதயும் எடுத்துத் தண்ட பேருல போடலாமா?”

இல்ஹாம் துள்ளி எழுந்தார். “உம்மா, இது எப்ப எழுதின எண்டு தெரியுமா...”

மர்சூக் அவர் கையைப் பிடித்து இருத்தினார்.

“இன்னொருக்காப் போடுங்க உம்மா.”

தலையைக் குனிந்துகொண்டு முழுவதும் கேட்டார். பிறகு மைக்கை வாங்கினார்.

“உம்மா சொல்றது சரி. இந்தப் பக்கம் றஸீனாட சொல்லுதான். வாட்ஸ்அப்பில கைமாறி எனக்கும் வந்திச்சு. நல்லா இருந்திச்சு, எடுத்திட்டன். பேரு போடாதது பெரிய பிழை. என்ன மன்னிச்சிக்கங்க.”

அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாக இல்லை. தலைவருக்குத் திடீரென்று ஏறாவூரில் ஒரு அவசர வேலை வந்தது. போர்த்தக் கொண்டுவந்த பொன்னாடை பையை விட்டு வெளியே வரவேயில்லை. பத்துப் பிரதி வாங்கிய கச்சி முகம்மது ஹாஜியார் பத்தையும் கதிரையில் வைத்துவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்டார். ‘புனித நகரத்தையே களவெடுத்தவன்’ என்று ஒருவர் வாசலில் நின்றே பேஸ்புக்கில் எழுதிவிட்டார். மனிதர்களுக்கு மற்றவன் விழுவதைப் பார்க்க எங்கிருந்துதான் இவ்வளவு சுறுசுறுப்பு வருகிறதோ.

ஆயிஷா உம்மா மட்டும் ஒரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து மர்சூக்கின் முன்னால் வைத்தார்.

“அல்லாஹ் மன்னிக்கிறவன், மனே. அடுத்த முறை புத்தகம் அடிக்கக்குள்ள எண்ட புள்ளட பேரப் போடுங்க.”

“கட்டாயம் போடுவன் உம்மா.”

அவர் முகம் பூரித்துப்போய்ப் படியிறங்கினார்.

மண்டபம் வெறுமையானதும் இல்ஹாம் வெடித்தார்.

“ஒம்பது வருஷத்துக்கு முந்தி எண்ட சஞ்சிகையில வந்த கட்டுரை இது! நீங்க உம்றா செஞ்சிட்டு வந்த கையோட எழுதினது. அவள் போயே நாலு வருஷம்தான். நீங்க எப்பிடி மாஸ்டர் களவெடுக்கலாம்?”

“உங்கட சஞ்சிகைய ஆரு இல்ஹாம் வாசிச்ச? நீங்க, நான், மூணாவதா அவள். பயணம் போறத்துக்கு முதல் நாள் வீட்ட வந்து, அந்த இதழக் கேட்டு வாங்கிட்டுப் போனாள்.”

“அப்ப அவள்தானே கள்ளி! அதப் பாத்து வாசிச்சு உம்மாவுக்கு அனுப்பியிரிக்காள். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா உங்கட பேரு தப்பியிருக்குமே. இருவது வருஷமா எழுதிச் சேத்த பேரு!”

மர்சூக் ஆறிப்போன தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை.

“நாலு வருஷமா மக்காவுக்குள்ளேயே இரிக்கிற புள்ளைக்கு, கஃபத்துல்லாவக் காண எண்ட கட்டுரைதான் கிடைச்சிரிக்கு, இல்ஹாம். அத அந்த உம்மாட்ட நான் எந்த வாயால சொல்ல?”