கயிற்றின் மறுநுனி

இந்தக் கப்பல் முன்பு கடற்படைக்கு மாவு மூட்டை சுமந்தது. இப்போது இதில் முக்குளிப்போருக்குப் பயிற்சி நடக்கிறது.

மேல்தளத்தில் கயிறு பிடிப்பது என் வேலை. ஒரு நுனி கடலுக்குள் இருப்பவன் இடுப்பில், மறுநுனி என் இடுப்பில். நான் ஒருமுறை இழுத்தால், நலமா என்று கேட்கிறேன். அவன் ஒருமுறை இழுத்தால், நலம். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால், யோசிக்காமல் ஆளை இழுத்துவிட வேண்டும். அதுதான் விதி.

செவ்வாய்க்கிழமை, ஒவ்வொருவராக இறங்கிப் பயிற்சி எடுத்த ஆறு பேரும் மேலேறி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கயிறு மட்டும் இன்னும் தண்ணீரில் கிடந்தது. பழக்கதோஷத்தில் ஒருமுறை இழுத்தேன். கீழிருந்து பதில் வந்தது.

பயிற்சியாளர் என் மச்சான்தான். தலைகளை இரண்டு தடவை எண்ணினார்.

"எல்லாரும் இங்கதான் இருக்காங்க மாப்ள. ஏதாவது மீனா இருக்கும்."

"மீன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுமா மச்சான்?"

அவர் சிரிக்கவில்லை. கயிற்றை மேலே இழுத்தார். நுனியில் யாரும் இல்லை. முடிச்சில் மாவு ஒட்டியிருந்தது, நனையாமல்.

மறுநாளிலிருந்து கேள்வி கீழிருந்து வந்தது. கடைசி ஆள் ஏறியதும் கயிறு ஒருமுறை இழுபடும். நானும் ஒருமுறை இழுத்து, நலம் என்பேன்.

"நீ எடம் குடுக்கறதாலதான் அது கேக்குது. பதில் சொல்லாம இரு, தானா விட்ரும்," என்றார் மச்சான்.

இன்று பதில் சொல்லவில்லை. கயிறு மறுபடி கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது முறையும் கேட்டுவிட்டு, அமைதியானது.

"பாத்தியா," என்றார் மச்சான்.

இடுப்பு முடிச்சை அவிழ்க்கக் கை வைத்தபோதுதான் எனக்கு விதி நினைவுக்கு வந்தது.