அறுநூற்று நாற்பதாம் ஆணி

பழைய சுரங்கத் தொழிலாளி என்று சுரங்க மேலாளர் என் மார்பில் பதக்கத்தைக் குத்தினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுரங்கத் தொழிலாளிகளின் காவல் தெய்வமான புனித பார்பராவின் நாள். போலந்தின் சிலேசியாவில் சுரங்கத் தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய நாள் கிடையாது. மண்டபம் முழுக்கக் கறுப்புச் சீருடை, இறகு வைத்த தொப்பி, பீர் வாடை.

"என்னடா ருஃபின், பந்தத் தவிர எல்லாத்தையும் பிடிச்ச, இப்ப பதக்கத்தையும் பிடிச்சிட்டியா?" என்றான் பின்மேசைக்காரன் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பதினான்கு வருஷம் சுரங்கத்தின் கால்பந்து அணிக்குக் கோல் காத்தேன். முந்நூற்றுப் பதினோரு ஆட்டம். தேசிய அணிக்கு ஆறு. அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்கள் எல்லோரும் சம்பள ஏட்டில் சுரங்கத் தொழிலாளிகள்தான். ஏட்டில் மட்டும்தான் என்பதும் ஊருக்கே தெரியும்.

என்னை மட்டும் ஊர் வேறு மாதிரி நம்பியது. பத்திரிகைக்காரன் ஒருவன் என் முகத்தில் கரியைப் பூசி, கையில் விளக்கைக் கொடுத்துப் படம் எடுத்து, 'காலையில் சுரங்கம், மாலையில் கோல்' என்று போட்டுவிட்டான். தெருவில் பார்த்தவனெல்லாம் கட்டிப்பிடித்தான். மறுக்க எனக்கென்ன பைத்தியமா?

ஒரு நாள்கூட நான் கீழே இறங்கியதில்லை.

இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைச் சுரங்க வாசலில் உள்ள ஆணிப் பலகையிலிருந்து எடுத்துப்போவான். ஏறி வந்ததும் மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். என் ஆணி அறுநூற்று நாற்பது. ஏடு சரியாக இருக்க வேண்டுமே என்று, என் வில்லையைக் குமாஸ்தா தினமும் காலையில் கழற்றித் தன் மேசைக்குள் போட்டுக்கொள்வார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு மார்ச்சில் சுரங்கக் கூரை சரிந்தது. மாட்டிக்கொண்ட ஏழு பேரையும் மீட்புக்குழு உயிரோடு கொண்டுவந்துவிட்டது. பலகையில் ஓர் ஆணி மட்டும் காலி, என்னுடையது. குமாஸ்தா பயத்தில் வாயே திறக்கவில்லை. மீட்புக்குழுவில் எவால்ட் என்பவர் மறுபடி இறங்கினார். இரண்டாவது சரிவில் செத்துப்போனார்.

அப்போது நான் மைதானத்தில் பயிற்சியில் இருந்தேன். சுரங்கத்தின் அபாயச் சங்கு ஊதியது கேட்டது. பந்தைப் பார் என்றார் பயிற்சியாளர். பார்த்தேன்.

நான் வேறு வழியாக ஏறி வந்துவிட்டதாக நிர்வாகம் அறிவித்தது. வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

இத்தனை வருஷமாக எவால்டின் மனைவி கெர்த்ருடாவைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். இன்று அவரே ஊன்றுகோலோடு என் மேசைக்கு வந்தார். எண்பது தாண்டிவிட்டது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன்.

"உக்காருங்க தம்பி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மேல ஏறி வந்து பூட்ஸக் கழட்டிட்டாராம் அவரு. கீழ இருக்கறது நம்ம கோல்கீப்பர்னு யாரோ சொன்னதும், தண்ணிகூடக் குடிக்காமத் திரும்ப இறங்கிட்டாராம். உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே போனாராம். உங்களுக்குக் கேட்டுச்சா?"

இது எனக்குத் தெரியாது. கீழே இருப்பது யாராக இருந்தாலும் அவர் போயிருப்பார் என்றுதான் இவ்வளவு நாளும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னால் அந்த அம்மாள் தாங்கமாட்டார் என்று ஒரு சாக்கு மனதில் வந்தது. அதெல்லாம் இல்லை. பயம்தான்.

"கேட்டுச்சு அக்கா."

அவர் குனிந்து என் இரண்டு கைகளையும் முத்தமிட்டார்.